சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் பகிடிப் பாட்டுக் கட்டுவது எப்படி

முதலில் கடிதத்தைக் கையில் எடுங்கள். மெட்டைப் பிறகு பார்க்கலாம். பேச்சுவார்த்தை முடிந்த மறுநாள் ஆசிரியர் சங்கக் கிளைக்கு வருகிற ஒரு பக்க அறிவித்தலோ, அமைச்சர் வாசலில் நின்று ஊடகங்களுக்குச் சொன்ன நாலு வரியோ முன்னால் இல்லாமல் பாட்டெழுத உட்காராதீர்கள். கடிதம் இல்லாமல் எழுதிய பாட்டெல்லாம் ‘ஐயோ எங்கள் வாழ்வு’ என்று ஒப்பாரியாகிவிடும், அல்லது வெறும் வசவாகிவிடும். இரண்டையும் கேட்க ஒருவரும் வெயிலில் நிற்க மாட்டார்கள்.

நான் மட்டக்களப்புப் படுவான்கரைப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் கிளையில் சங்கீதம் படித்தவர்கள் இருக்கும்போது பாட்டுக்கட்டும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், எனக்கு எண்ணத் தெரியும் என்பதுதான். பகிடிப் பாட்டில் முக்கால்வாசி எண்ணுகிற வேலை. குரல் வளம் மிச்சக் கால்வாசிக்கும் குறைவு.

எண்ணத் தொடங்குமுன் கதையைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளில் ஆசிரியர் சங்கமும் கல்விச் சபையும் எதிரெதிரே இருந்து, இத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதிக் கையொப்பம் வைக்கிறார்கள். அது முடிவதற்கு ஒரு தேதி உண்டு. கேலி செய்கிறவர்களுக்கும் அது வசதி. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரச ஊழியருக்குப் பொருந்தாது. நமது சம்பளம் சேவைப் பிரமாணக் குறிப்பிலும் சுற்றறிக்கையிலும் பிறக்கிறது. பேசுவது கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லை இசுருபாயவில், பணம் இருப்பது கொழும்புத் திறைசேரியில், கிழக்கு மாகாணப் பாடசாலை என்றால் கோப்பு கிடப்பது திருகோணமலையில். இந்த மூன்று ஊர்களுக்கும் இடையில் ஒரு கடதாசி நடக்கும் நடையே பாதிப் பாட்டு.

சம்பள முரண்பாட்டுக்கு வயது அதிகம். 1997இல் பி.சி. பெரேரா ஆணைக்குழு அரச சம்பளங்களை மாற்றி அமைத்தபோது ஆசிரியர்களும் அதிபர்களும் மற்றச் சேவைகளுக்குப் பின்னால் தள்ளப்பட்டார்கள் என்பது சங்கங்களின் நெடுநாள் வாதம். 2021 ஜூலையில் இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினை ஓர் ஆர்ப்பாட்டத்தில் கைது செய்து, முல்லைத்தீவுத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஜூலை 12இல் இணையவழிக் கற்பித்தல் நின்றது. மூன்று மாதத்துக்கு மேல் நின்றது. கேட்டது, சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழுவின் அறிக்கையில் சொன்ன தொகை. கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு, 2022 ஜனவரிச் சம்பளத்தோடு. மிச்ச மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூன் 26இல் சுகயீன விடுமுறை போட்டார்கள். கொழும்புக்குப் போனவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் பீய்ச்சிய தண்ணீரும் கிடைத்தன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. ஆனால் அந்த உயர்வு ஏப்ரலில் ஒரு துண்டு, 2026 ஜனவரியில் ஒரு துண்டு, 2027 ஜனவரியில் ஒரு துண்டு என்று வகுக்கப்பட்டது. பின்னம் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணத்தைப் பாடநூல்காரர்கள் கண்டுபிடித்ததில்லை.

இனிக் கடிதத்துக்கு வாருங்கள். ஒரு சிவப்புப் பேனாவால், எந்த வருடக் கடிதத்திலும் இருக்கக்கூடிய வாக்கியங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். ‘கொள்கையளவில் இணக்கம் காணப்பட்டுள்ளது.’ ‘உரிய தரப்பினருடன் கலந்துரையாடி.’ ‘நிதி நிலைமை சீரடைந்ததும்.’ ‘உபகுழுவொன்று நியமிக்கப்படும்.’ ‘சாதகமாகப் பரிசீலிக்கப்படும்.’ கோடு போட்டவை பாட்டுக்கு. கோடு போடாதவை, அதாவது தேதியும் தொகையும் உள்ள வரிகள், சங்கச் செயலாளரின் கோப்புக்கு. அவை பெரும்பாலும் அதிகம் இருக்காது.

இந்த வேலையில் நான் விடாப்பிடியாக நிற்கிற விதி ஒன்றே ஒன்று: அவர்கள் வாக்கியத்தை எடுத்துப் பாடினால் அதை மாற்றாதீர்கள். சிரிப்பு வருவதற்காக நடுவில் ஒரு சொல்லைத் திணிக்காதீர்கள். அமைச்சரை நரியாக்காதீர்கள், செயலாளரைக் கழுதையாக்காதீர்கள். அரச கடிதத் தமிழை எழுத்துப் பிசகாமல் எடுத்து, கலியாண வீட்டில் கைதட்டிப் பாடுகிற மெட்டில் வைத்தால் கேலியை மெட்டே செய்துவிடும். கேட்பவர் ‘இது பாட்டா, கடிதமா’ என்று ஒரு கணம் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் சிரிப்பு வெடிக்கிறது. நாம் எழுதிய பகிடிக்கு அவர்கள் மறுப்பறிக்கை விடலாம். அவர்களே எழுதிய வரிக்கு எப்படி விடுவார்கள்?

ஓர் உதாரணம் காட்டுகிறேன். ‘சாதகமாகப் பரிசீலிக்கப்படும்’ என்பதை எண்ணுங்கள். குறில் ஒன்று; நெடிலும், தனக்குப் பின்னால் மெய்யெழுத்து வருகிற குறிலும் இரண்டு. இது இசைக்குப் போடும் கணக்கு. இலக்கணப் புத்தகத்து அரை மாத்திரையை இங்கே கொண்டுவராதீர்கள். சாதக, நாலு. மாகப், நாலு. பரிசீ, நாலு. லிக்கப், நாலு. படும், மூன்று, கடைசி எழுத்தைச் சற்று நீட்டினால் அதுவும் நாலு. ஐந்து அடி சுத்தமாக விழுகிறது. எட்டு அடித் தாளத்துக்கு மூன்றுதான் குறை. அதைக் கூட்டத்தினர் நிரப்புவார்கள்:

சாதக மாகப் பரிசீ லிக்கப் படும் –
பார்ப்போம், பார்ப்போம், பார்!

முன்னால் நிற்பவர் ஒருவர் முதல் வரியைப் பக்திப் பரவசத்தோடு பாட வேண்டும். கோயில் பசனையில் பாடுவதுபோல, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். கூட்டம் இரண்டாம் வரியைக் கைதட்டிச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் தேவையில்லை. எழுதியவர் கல்வி அமைச்சு எழுதுவினைஞர், தாளம் நமது.

மெட்டுத் தேர்வில் பலரும் சினிமாப் பாட்டுக்கு ஓடுகிறார்கள். ஓடலாம். ஆனால் சினிமாப் பாட்டில் பல்லவி மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். சரணத்துக்குப் போனால் இரண்டு இளம் டீச்சர்மார் மட்டும் பாட, மற்றவர்கள் வாயை அசைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆண் குரலுக்கு எழுதிய பாட்டின் உச்சியைப் பெண்களும், பெண் குரலுக்கு எழுதியதை ஆண்களும் எட்ட முடியாமல் நடுவில் முறிப்பார்கள். ஆசிரியர் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம் என்பதை மறக்காதீர்கள். இன்னொரு தொல்லை, சினிமாப் பாட்டின் இசையை ஓடவிட்டுப் பாடிப் பதிவேற்றினால் உரிமைக்காரரின் பெயரில் ஒலி அறுந்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் விமர்சனத்துக்கும் கருத்துரைக்கும் நியாயமான பயன்பாடு என்று ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கணினிக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. நமது வீட்டு மெட்டுகளுக்கு உரிமைக்காரர் கிடையாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு மெட்டுக்கு அலைவது எனக்கு விளங்காத காரியம்.

அவர்கள் வாக்கியத்தை விட்டு நமது சொல்லில் கதை சொல்வதென்றால் கும்மியில் தொடங்குங்கள். வயது போனவர்களுக்கும் தெரியும், பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகளுக்குப் பழக்கியதால் இளையவர்களுக்கும் தெரியும். மெய்யை விட்டு எழுத்தை மூன்று மூன்றாக எண்ணுங்கள். இரண்டு குறில் விரைந்து வந்தால் ஒன்றாகக் கொள்ளலாம்.

கொள்கை யளவிலே சம்மதமாம் – அதைக்
கூடி இருந்து படித்தனராம்;
உள்ளங்கை நீட்டிய போதினிலே – புது
உபகுழு ஒன்றை அமைத்தனராம்.

‘ஆம்’ என்ற ஈறு மிகவும் பயன்படும். செய்தியை நாம் சொல்லவில்லை, கேள்விப்பட்டோம் என்று அது காட்டுகிறது. கும்மி முழுக்க ஊர்வம்புக் குரலில் போகும். எதுகை தானாக வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள்; மோனை இருந்தால் போதும், அதுதான் கூட்டத்தின் வாயில் நிற்கும்.

பேச்சுவார்த்தைக்கு வருகிற பெரியவர்களின் வருகையைப் பாட வடமோடிக் கூத்தின் கொலுவரவு இருக்கிறது. அரசன் சபைக்கு வருமுன் கட்டியகாரன் வந்து பறைசாற்றுவானே, அந்த இடம். மத்தளமும் சல்லரியும் உள்ள, கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரை உங்கள் ஊரில் கண்டுபிடிக்க அரை நாள் போதும். மத்தளம் கிடைக்காவிட்டால் பிஸ்கட் தகரம்.

திறைசேரி மன்னர் கொலுவந்தாரே – கையில்
திறப்பில்லாப் பெட்டியோடு கொலுவந்தாரே;
மறைவாக இருந்ததொரு கோப்பெடுத்தார் – அதை
மறுபடியும் கட்டிவைத்துக் கொலுக்கலைத்தாரே.

கட்டியகாரன் வேடத்துக்கு உயரமான ஒருவரைப் பிடியுங்கள். எங்கள் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கிழிந்த சம்பளப் பட்டியலைச் சுருட்டிச் செங்கோலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கழிப்பனவுகளை அவர் ஒவ்வொன்றாக அரச கட்டளை வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அக்ரஹார காப்புறுதி, இடர் கடன் தவணை, கடைசியில் முத்திரை இருபத்தைந்து ரூபாய். ஒரு பகிடியும் சேர்க்கவில்லை. முத்திரைக்கு வந்தபோது வயிறு நொந்தவர்கள் பலர்.

கரையோரக் கிளைகளுக்கு அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கிறவர்கள் பாடுவதால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் ‘ஏலேலோ’ போட்டால் போதும்; பாடத் தெரியாதவருக்கு இதைப்போல இன்னொன்று இல்லை.

பேச்சு வலை வளைத்தோம் – ஏலேலோ
பெரிய மடி கனக்குமென்றார் – ஏலேலோ
மூச்சுப் பிடித் திழுத்தோம் – ஏலேலோ
மூன்றிலொன்று கரைக்கு வந்தது – ஏலேலோ
மிச்சமெல்லாம் கடலில் நின்றது – ஏலேலோ

அம்பாறை நகரத்தில் சிங்கள ஆசிரியர்களோடு சேர்ந்து நிற்கப் போகிறீர்கள் என்றால் பைலாத் தாளம் பிடியுங்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீட்டு ஆட்டத்தோடு உறவுள்ள தாளம் அது. இரு மொழிக்காரருக்கும் காலில் இருக்கிறது. தமிழ்ச் சரணத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க முயலாதீர்கள். அவர்களுக்கும் அதே கடிதம் சிங்களத்தில் வந்திருக்கும். அவர்கள் அதற்குக் கோடு போடட்டும். அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆசிரியைகள் ஊர்க் கவி இராகத்தில் இரண்டடி போட வந்தால் இடம் விடுங்கள். நாலு வரியில் ஒருவரை எழும்பவிடாமல் பண்ணும் கலை அவர்களிடம் இருக்கிறது.

யாரைக் கேலி செய்வது என்பதில் சற்று நிற்க வேண்டும். கொம்புமுறி விளையாட்டுக் காலத்தில் வடசேரியும் தென்சேரியும் ஒன்றையொன்று பாட்டால் ஏசிய ஏச்சை நினைத்துக்கொண்டு சிலர் வருவார்கள். எல்லை வைக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரியின் நடத்தைவரை போய்விடும். உடல், ஊர், சாதி, சமயம், பெண்கள், பேச்சு உச்சரிப்பு ஆகிய ஒன்றும் வேண்டாம். சிங்கள அதிகாரி தமிழ் பேசும் விதத்தைப் பாவனை செய்யாதீர்கள். நமது சிங்களத்தை அவர் இன்னும் கேட்கவில்லை என்பதால் தப்பியிருக்கிறோம். கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று வேலிக்கு வேலி ஊர் மாறுகிற கரையில், ஒரு பிரதேச செயலகச் சண்டையைச் சம்பளப் பாட்டுக்குள் இழுத்தால் அன்றோடு கூட்டம் இரண்டாகும். பதவியைப் பாடுங்கள், ஆளைப் பாடாதீர்கள். ஆள் மாறிவிடுவார், பாட்டைத் திருத்த வேண்டிய வேலை மிச்சம்.

வலயக் கல்வி அலுவலகத்து எழுதுவினைஞர்களையும் விட்டுவிடுங்கள். நமது நிலுவையைக் கணக்குப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான். இது தருமமும்தான், சுயநலமும்தான்.

சங்கங்களை விடாதீர்கள். ஓர் ஆசிரியர் ஓய்வறைக்குள் இரண்டு மூன்று சங்கங்கள் இருப்பதும், ஒவ்வொன்றும் தனித்தனியே பேச்சுவார்த்தைக்குப் போய்வந்து வெவ்வேறு கதை சொல்வதும் எல்லாரும் அறிந்தது. ‘பேச்சுவார்த்தை வெற்றியளித்தது, போராட்டம் தொடரும்’ என்று ஒரே மூச்சில் வருகிற அறிக்கையை அப்படியே பல்லவியாக்குங்கள். முதற்பாதியை ஒரு பக்கத்தாரும் இரண்டாம் பாதியை மறுபக்கத்தாரும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு பாடினால் நன்றாக எடுபடும். தலைவர்களுக்கு முகம் சற்றுச் சிறுக்கும். சிறுக்கட்டும். நம்மையும் வைத்து ஒரு சரணம் இல்லாத பகிடிப் பாட்டு எனக்குப் பிடிக்காது:

காய்ச்சலென் றேலீவு போட்டவராம் – சந்தை
மூலையில் மீன்விலை கேட்டவராம்;
பேச்சு முடிந்ததும் கூட்டத்திலே – முன்னால்
பேருக்கு வந்து சிரித்தவராம்.

இதைப் பாடும்போது கூட்டத்தில் யார் குனிகிறார் என்று பாராதீர்கள். அல்லது பாருங்கள், ஆனால் பெயர் சொல்லாதீர்கள்.

பாடுகிற இடம், நேரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடசாலை வளவுக்குள் வேண்டாம், பிள்ளைகளை நிறுத்திப் பாடவைப்பது அறவே கூடாது, பரீட்சை நாட்களைத் தவிருங்கள். ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் முப்பது பேர் பாடினாலே காந்திப் பூங்கா முன்னால் போகிற பஸ் மெதுவாகும். மட்டக்களப்பு வெயிலுக்குக் காலை பத்து மணிக்கு முன்பு முடியுங்கள். கார்த்திகை மார்கழியில் மழைக்குக் குடையோடு கும்மி அடிக்க முடியாது, அம்பாதான் சரி. பாட்டுத் தாளைப் பெரிய எழுத்தில் அடித்துப் பிரதி எடுங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் நம்மில் உரத்த குரல்காரர்கள். இரண்டு ஒத்திகை போதும். அதற்கு மேல் ஒத்திகை பார்த்தால் சங்கீத ஆசிரியர்கள் சுருதி பார்க்கத் தொடங்கி, பகிடி செத்துவிடும். பிளேன்டீயும் வடையும் பாட்டு முடிந்த பிறகே கொடுங்கள், முன்பே கொடுத்தால் ஆட்கள் கலைவார்கள்.

கைபேசி விடயத்தில் கவனம் தேவை. அரச அலுவலர் ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்வதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. சமூக ஊடகங்களில் எழுதுவதும் அதில் அடங்கும் என்று 2022 செப்டெம்பரில் சுற்றறிக்கையால் நினைவூட்டினார்கள். ஆகவே யார் படம்பிடிப்பது, எந்த முகங்கள் தெரிவது, யார் பதிவேற்றுவது என்பதை முதல்நாளே சங்கக் கிளை தீர்மானிக்கட்டும். தகுதிகாண் காலத்தில் இருக்கிற பிள்ளைகளைப் பின்வரிசையில் நிறுத்துங்கள். குரல் அங்கிருந்தும் கேட்கும். முன்வரிசைக்கு ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். எங்களை இடமாற்ற முடியாது. மண்டூர்த் துறையில் தோணிக்குக் காத்திருந்து பாடசாலை போன எனக்கு இனி எந்தக் கஷ்டப் பிரதேசத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள்? ஓய்வூதியத்திலும் முரண்பாடு இருப்பதால் எங்களுக்குச் சொந்தச் சரணமும் உண்டு.

பாட்டை எழுதும்போது கடைசிச் சரணத்துக்கு இடம் விட்டு வையுங்கள். பேச்சுவார்த்தைக் குழு உள்ளே இருக்கும்போது வெளியே முழுப் பாட்டையும் பாடித் தீர்த்துவிடுவது புத்தியல்ல. உள்ளே இருப்பவர்களுக்கு மேசையில் சொல்ல ஏதாவது மிஞ்ச வேண்டும், நமக்கும் மிஞ்ச வேண்டும். மெட்டும் எதுகையும் மட்டும் தயாராக இருக்கட்டும். தொகை வந்தால் தொகையை வைத்து, தேதி வந்தால் தேதியை வைத்து அன்றிரவே இரண்டடி எழுதலாம். உண்மையாகவே நல்லது ஏதும் கிடைத்தால் அதையும் பாடுங்கள்; கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்று பாடுகிற பாட்டை அடுத்த முறை ஒருவரும் நம்ப மாட்டார்கள். எண் மாறினால் உடனே மாற்றுங்கள். பழைய தொகையைப் பாடுகிற சங்கத்தை அமைச்சு எழுதுவினைஞரே கேலி செய்வார்.

பாட்டுக் கொப்பி ஒருவரிடம் இருக்க வேண்டும், செயலாளரிடம் வேண்டாம், அவர் மாறிக்கொண்டிருப்பார். கடிதத்தின் பிரதியைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த கடிதம் வந்ததும் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். தேதியைத் தவிர வேறொன்றும் மாறாவிட்டால் புதிதாக எழுதிக் களைக்க வேண்டாம். ‘பார்ப்போம், பார்ப்போம், பார்’ இன்னும் தாளத்துக்குச் சரியாகத்தான் இருக்கும்.